தரமாட்டேன் என்ற மனிதர்



இன்று திங்கட்கிழமை. வழக்கமாக மாலைப் பூசைக்கு இருபது முப்பது பேர்தான் வருவார்கள்; இன்று கோயில் நிறைந்திருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை கூடுகிறது. ஊருணிக் கரையில் நாம் அமைக்கப்போகிற சிலுவைப்பாதையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். எந்த நிலை எங்கே வரும், சிலை எத்தனை அடி, செலவு எவ்வளவு என்றெல்லாம் பேசக் காத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட மாலையில் திருச்சபை நம் முன் வைத்திருக்கும் முதல் வாசகம் நாபோத்தின் கதை. இதை நான் தேடி எடுக்கவில்லை. பொதுக்காலம் பதினோராம் வாரத் திங்களுக்கு, ஓராண்டு விட்டு ஓராண்டு வருகிற வாசகம். ஆனால் நேற்று இரவு தயாரிப்புக்காகப் புத்தகத்தைத் திறந்தபோது, ஆண்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

அரசன் ஆகாபு என்ன கேட்டான்? அவன் அரண்மனையை ஒட்டி இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். அதைக் காய்கறித் தோட்டம் ஆக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஈடாக இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாம் என்றால் பணமாகவே தருகிறேன் என்கிறான். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது ஆகாபைக் கொள்ளைக்காரனாகவே நினைத்தேன். இப்போது வாசித்தால், அவன் பேசிய முதல் பேச்சில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இடத்தைப் பச்சையாக்கப் பார்க்கிறான். விலை பேசுகிறான். இன்று நிலம் எடுக்கிற பலரைவிட மரியாதையாகவே கேட்கிறான்.

நாபோத்து மறுத்துவிடுகிறார். இது என் முன்னோர் எனக்கு விட்டுப்போன உரிமை, இதைக் கைமாற்ற ஆண்டவர் விடமாட்டார் என்பது அவர் பதில். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நிலம் கடவுளுடையது. குடும்பங்கள் அதைப் பேணும் பொறுப்புப் பெற்றவை. வறுமையில் விற்றாலும் யூபிலி ஆண்டில் அது அந்தக் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். நாபோத்தின் கண்ணில் அந்தத் தோட்டத்துக்கு விலை என்று ஒன்று கிடையாது. அவருடைய தாத்தாவின் கை அந்தக் கொடிகளில் இருக்கிறது.

அரசன் வீட்டுக்குப் போகிறான். கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சாப்பிடவில்லை. அவன் பாவம் தொடங்கும் இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு குடியானவர் சொன்ன 'தரமாட்டேன்' அவன் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அரசி ஈசபேல், முத்திரையிட்ட கடிதங்கள், இரண்டு பொய்ச்சாட்சிகள், ஊருக்கு வெளியே கல்லெறி என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்தக் கொலை நோன்பு அறிவித்த நாளில், ஊர்கூடிய சபையில், கடவுளின் பெயரைச் சொல்லி நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். இறைவாக்கினர் எலியா நாளைய வாசகத்தில்தான் வருவார். இன்றைய வாசகம், ஆகாபு தோட்டத்தைக் கைப்பற்ற இறங்கிப் போவதோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கதையோடு சேர்ந்து நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் இன்னொரு வயல் உண்டு. அது ஜப்பானில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததைத்தான் சொல்கிறேன்.

நீகாட்டா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே, எச்சிகோ-சுமாரி என்ற பகுதி. சுமார் 760 சதுர கிலோமீட்டர்; சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரியது. நமக்கு மழையே வரம். அவர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் பனி கொட்டுகிறது. ஓர் ஆள்மேல் இன்னோர் ஆள் நின்றாலும் மூடிவிடும் அளவுக்குச் சில ஆண்டுகளில் குவியும். கூரையில் ஏறிப் பனியைத் தள்ளாவிட்டால் வீடு நொறுங்கிவிடும். அந்தப் பனி உருகி வருகிற தண்ணீரில்தான் நெல் விளைகிறது. சமவெளி கிடையாது என்பதால் மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள். வளைந்து ஓடும் ஆற்றை நேராக வெட்டித் திருப்பி, பழைய வளைவை வயலாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கொண்டுவர மலையைக் கையாலேயே குடைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரப்பும் ஒரு குடும்பத்தின் பல தலைமுறை முதுகுவலி.

அந்த ஊர்களிலிருந்து இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. படிவயல்களில் புதர் மண்டியது. ஆளில்லாத வீடுகள் பனியின் கனம் தாங்காமல் இடிந்தன. நம் பங்கிலும் பூட்டிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், அதனால் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1990களில் அங்கே ஒரு திட்டம் வந்தது. கிட்டகாவா ஃபுராம் என்ற கலை இயக்குநர், அதே மாகாணத்தில் பிறந்தவர், அதற்குப் பொறுப்பேற்றார். உலகெங்கிலுமிருந்து கலைஞர்களை அழைத்து, வயலிலும் காட்டிலும் காலி வீட்டிலும் மூடிய பள்ளியிலும் அந்தந்த இடத்துக்கே உரிய கலைப்படைப்புகளைச் செய்யவைப்பது, மூன்றாண்டுக்கு ஒருமுறை விழா எடுப்பது என்பது திட்டம். ஊர்க்காரர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். வரிப்பணத்தை யாருக்கும் புரியாத நவீனக் கலையில் கொட்டுவதா என்று கேட்டார்கள். நான் அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். 1999இல் நடக்க வேண்டிய முதல் விழா 2000க்குத் தள்ளிப்போனது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கிட்டகாவாவும் அவருடன் இருந்தவர்களும் ஊர் ஊராகப் போய் 2,000க்கும் மேற்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நம் பேரவை ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. அந்தக் கணக்கில் 2,000 கூட்டம் நடத்த 500 ஆண்டு ஆகும்.

இப்போது அந்த வயலுக்கு வருகிறேன். மட்சுதாய் என்ற இடத்தில், ரயில் நிலையத்துக்கு அருகே, ஆற்றின் அக்கரையில் மலைமேல் ஏறும் படிவயல்கள். இல்யா கபகோவ், எமிலியா கபகோவ் என்ற கலைஞர் தம்பதியர் அந்த வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். இல்யா சோவியத் உக்ரைனில் பிறந்து பின்னாளில் அமெரிக்காவில் குடியேறியவர், உலகப் புகழ் பெற்றவர். அந்த வயலில் உழுகிறவர், விதைக்கிறவர், நாற்று நடுகிறவர், அறுக்கிறவர், விற்கக் கொண்டுபோகிறவர் என்று நீலத்திலும் மஞ்சளிலும் உருவங்களை நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

வயல்காரர் மறுத்துவிட்டார். முன்னோர் பாடுபட்ட மண், இதில் சிற்பம் எதற்கு என்பது அவர் நியாயம். அந்த முதியவர் விவசாயத்தையே விட்டுவிடும் யோசனையில் இருந்தவர். அப்படி விடப்போகிறவருக்கு என்ன பிடிவாதம் என்று நாம் கேட்கலாம். விடப்போகிறவருக்குத்தான் அந்த மண் இன்னும் கனக்கும்.

அரசுப் பணம் இருந்தது. பெரிய பெயர் இருந்தது. விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வேறொரு வயலைப் பார்த்திருக்கலாம், மேலிடத்தில் சொல்லி அழுத்தம் கொடுத்திருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு, என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்யப்போகிறோம் என்பதை அவருக்குக் காட்டினார்கள். அந்த உருவங்களும், அவற்றோடு வரப்போகிற எழுத்துகளும், நெல் விளைவிக்கும் மனிதனின் உழைப்பையே மரியாதை செய்கின்றன என்று அவர் கண்டார். அதன்பிறகு சம்மதித்தார். அதோடு நிற்கவில்லை. விட்டுவிட இருந்த விவசாயத்தை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தார். அந்த நீல, மஞ்சள் உருவங்களின் காலடியில் உண்மையான மனிதர் ஒருவர் உண்மையான நாற்றை நட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் படைப்பின் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆற்றின் இக்கரையில் ஒரு மேடை. அதன்மேல் நின்று பார்க்கும்போது, கண்ணுக்கு எதிரே கம்பியில் தொங்கும் எழுத்துகள், நெல் வேலையின் பருவங்களைச் சொல்கிற வரிகள், தொலைவில் வயலில் நிற்கும் உருவங்களின் மேல் வந்து பொருந்துகின்றன. படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் இருக்கிற குழந்தைப் புத்தகம் போல. ஆனால் பக்கம் என்பது ஒரு மலை. குனிந்து நிற்கும் ஓர் உருவத்தின் வளைந்த முதுகை மட்டும் பாருங்கள். நடவு வயலில் நின்றவர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பில் கை வைத்து ஒருமுறை நிமிர வேண்டும் என்று பார்க்கிறவருக்கே தோன்றும். கோடையில் அந்த உருவத்தைச் சுற்றிப் பச்சை, இலையுதிர்காலத்தில் பொன்னிறம், குளிர்காலத்தில் வெள்ளை. யாரும் அதற்கு வேலி போடவில்லை.

ஆகாபுக்கும் இந்தக் கலைஞர்களுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் அடுத்தவர் நிலத்தில் அழகான ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே பதில் கிடைத்தது. அவன் அந்தப் பதிலைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர்கள் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்தார்கள். அந்த முதியவர் கடைசிவரை சம்மதிக்காமல் இருந்திருந்தாலும் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சம்மதம் வாங்குவதற்கான தந்திரமாகப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ளக் கூடாது.

2000இல் நடந்த முதல் விழாவுக்கு இடம் கொடுத்தவை 28 சிற்றூர்கள்தான். ஏறத்தாழ 200 ஊர்கள் உள்ள பகுதியில் மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நகரத்திலிருந்து தொண்டுக்கு வந்த மாணவ மாணவியரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஆனால் 2012க்குள் பங்கெடுத்த ஊர்கள் 100ஐத் தாண்டிவிட்டன. இன்றைய நற்செய்தியில் ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்துகிறவனோடு இரண்டு கல் தொலை போகச் சொல்கிறார் இயேசு. அந்த இரண்டாவது கல் தொலை எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த ஊர்களைப் பார்த்துத்தான் கொஞ்சம் புரிந்தது. முதல் தொலை, மேலே இருந்தவர்கள் சொன்னதற்காக நடந்தது. அடுத்ததை அவர்களாகவே நடந்தார்கள்.

எப்படியெல்லாம் நடந்தார்கள்! கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2000இல் ஊர்க்காரர்களிடம் பழைய வெள்ளைத் துணிகளைக் கேட்டு வாங்கி, வயல்வெளியில் கொடி கட்டித் தொங்கவிட்டார். ஊரைவிட்டுப் போனவர்களின் சட்டைகள் காற்றில் ஆடின. தோகே என்ற சிற்றூரில் 150 ஆண்டுக்கு மேற்பட்ட பாழ்வீடு ஒன்று. ஒரு பல்கலைக்கழகச் சிற்பத்துறை மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வந்து தங்கி, தரை, தூண், சுவர், விட்டம் என்று ஓரங்குலம் விடாமல் உளியால் செதுக்கினார்கள். புகை படிந்து கறுத்த மரத்தின் உள்ளிருந்து புது மரத்தின் நிறம் வெளியே வந்தது. வீட்டுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. தோல் உரிக்கும் வீடு என்று அதற்குப் பெயர். 2006இல் அந்த வேலை முடிந்தது. பின்னர் மக்கள் அங்கே போய்த் தங்கவும் வழி பிறந்தது.

இன்னொரு பள்ளிக்கூடம், 2005இல் மூடப்பட்டது. கடைசியாக அங்கே படித்தவர்கள் மூன்றே பிள்ளைகள். படப்புத்தகக் கலைஞர் தஷிமா செய்ஸோ, அந்த மூன்று பிள்ளைகளையே கதைமாந்தர் ஆக்கி, ஆற்றில் அடித்துவந்த மரத்துண்டுகளாலும் காய்களாலும் பள்ளி முழுவதையும் ஒரு படப்புத்தகமாக மாற்றினார். ஊர்க்காரர்கள் கூட இருந்து உதவினார்கள். மூடிய பள்ளியின் கதவைத் திறந்தால் பிள்ளைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

2004 அக்டோபர் 23ஆம் நாள் அந்தப் பகுதியை நிலநடுக்கம் குலுக்கியது. அப்போது, விழாவுக்கு வந்து ஊராரோடு பழகிய இளைஞர்கள் இடிபாடுகளை அகற்ற ஓடிவந்தார்கள். எந்தக் கிழவியின் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலநடுக்கத்தில் சேதமடைந்த, 1924இல் கட்டிய கூரைவேய்ந்த வீடு ஒன்றை 2006இல் மீட்டெடுத்தார்கள். அடுப்பும் குளியல் தொட்டியும் கைகழுவும் தொட்டியும் தேர்ந்த குயவர்கள் வனைந்த மண்பாண்டக் கலை. அங்கே சமைத்துப் பரிமாறுகிறவர்கள் அந்தச் சிற்றூரின் பெண்கள். தங்கள் தோட்டத்துக் காயைச் சமைத்து, வந்தவர்களுக்குத் தங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கலை வந்ததால் பிள்ளைகள் எல்லாரும் ஊர் திரும்பிவிடவில்லை. மக்கள்தொகை அங்கே இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது. தாத்தா பாட்டிகளின் முகம் மலர வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்கிறோம் என்று கிட்டகாவா சொல்வது வழக்கம். நானும் அதோடு நிறைவடைகிறேன். ஆனால் வயல்கள் முழுவதும் புதராகப் போகாமல் இருக்க ஏதோ ஒரு வழி பிறந்திருக்கிறது. தொலைவில் இருப்பவர்கள் பணம் கொடுத்துப் படிவயல்களுக்குப் புரவலர் ஆகிறார்கள், விளைந்த நெல்லில் பங்கு பெறுகிறார்கள். 2015இல் பெண்கள் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வீராங்கனைகள் அங்கேயே குடியேறி, பந்தாடுகிற நேரம் போக, வயலில் இறங்கி நாற்று நடுகிறார்கள்.

கேட்காமல் விட்டதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானிலேயே வடக்கே அவோமோரி மாகாணத்தில் இனகதாத்தே என்ற ஒரு சிற்றூர். அங்கே 1993 முதல், பல நிற இலை கொண்ட நெல் ரகங்களை நட்டு வயலில் ஓவியம் வளர்க்கிறார்கள். ஊரோடு சேர்ந்து வெளியூர்க்காரர்களும் பல நூறு பேர் சேற்றில் இறங்கிக் கையால் நடுகிறார்கள். முதல் ஒன்பது ஆண்டு அவர்கள் மலையான இவாக்கியையே வரைந்தார்கள். 2003இல் மோனா லிசாவை நட்டார்கள். மேடையில் ஏறிப் பார்த்தபோது படம் கோணிப்போய், கீழ்ப்பாதி பெருத்துத் தெரிந்தது. கீழே இருந்து போட்ட அளவு, மேலே இருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. அதன்பிறகு பார்க்கிறவர் நிற்கும் இடத்தைக் கணக்கில் வைத்து அளவெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 2008இல் அதே வயலில் ஓவியத்தின் கீழே நிறுவனங்களின் விளம்பரத்தையும் நெல்லாலேயே நட்டபோது நில உரிமையாளர் எதிர்த்தார். நட்ட பயிரைப் பிடுங்கினார்கள். ஊரே சேர்ந்து நடுகிற இடத்திலும் ஒருவரைக் கேட்காமல் விட்டுவிட முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்பானவர்களே, இவ்வளவு தூரம் ஜப்பானைப் பற்றிப் பேசுகிற நான் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்பு நான் இருந்த ஒரு பங்கில் கோயிலுக்குத் தென்புறம் ஒரு களம் இருந்தது. மிளகாய் விளைகிற ஊர். மாசி பங்குனியில் அந்தக் களம் முழுவதும் முண்டு மிளகாய் காயும். கோயில் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தால் சிவப்புப் பட்டு விரித்தது போலிருக்கும். பெண்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து காலால் கிளறிவிடுவார்கள். வெளுத்ததைப் பொறுக்கித் தனியே போடுவார்கள். பூசை நேரத்தில் காற்று திரும்பினால் பீடத்தில் நிற்கிற எனக்கே இருமல் வரும். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. வெளிநாட்டில் இருந்த ஒரு நல்ல மனிதர் பணம் கொடுத்தார். நகரத்திலிருந்து ஒருவரை வரவழைத்து வரைபடம் போட்டேன். புல்தரை, நடுவில் மாதா கெபி, நீரூற்று, வண்ண ஓடு பதித்த நடைபாதை, சுற்றிலும் கம்பி வேலி. மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. ஆயர் வந்து மந்திரித்தார். படம் எடுத்தோம்.

பங்குனியில் ஒரு நாள் காலை, வேலிக்கு வெளியே ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். தலையில் மிளகாய்ச் சாக்கு. இறக்கவும் இல்லை. "என்னம்மா?" என்றேன்.

"கோயில் நல்லா அழகாத்தான் இருக்கு சாமி. இத எங்க காயப் போடுறதுன்னுதான் தெரியல."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டு அவர்கள் தார்ச்சாலையில் காயப்போட்டார்கள். லாரி ஏறிப் போனது. அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றிப் புல்லும் கருகியது. யாரிடமும் நான் நிலத்தைப் பிடுங்கவில்லை, அது பங்குக்குச் சொந்தமான இடம்தான். ஆனாலும் நாபோத்து கதையை வாசிக்கும்போதெல்லாம் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பெண்கள் அங்கே 'தரமாட்டேன்' என்று சொல்லக்கூட வாய்ப்பு இல்லாமல் போனது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 150ஆவது பத்தியில் இதைப் பற்றிச் சொல்கிறார். வடிவமைப்பின் அழகு மட்டும் போதாது, மக்களின் வாழ்வும் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்துத் துணைநிற்பதும் இன்னொரு வகை அழகு, அதற்குத் தொண்டு செய்வதே மேலானது என்கிறார். அதனால் ஓர் இடத்தைத் திட்டமிடும்போது அங்கே வாழப்போகிறவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அந்தப் பத்தியை முதலில் படித்தபோது எனக்குச் சாக்கு சுமந்த அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

இப்போது நம் ஊருணிக்கு வருவோம். மேசைமேல் ஒரு வரைபடம் இருக்கிறது. பதினான்கு நிலைகள், நேர்கோடு, அச்சில் வார்த்த சிமெண்டுச் சிலைகள். அது கெட்ட எண்ணத்தில் போட்டதில்லை, போட்டவர்கள் நல்லவர்கள். ஆனால் போன வாரம் நான் கரையில் நடந்துகொண்டிருந்தபோது நம் உபதேசியார் ஐயா கூட வந்தார். சாலை திரும்பும் இடத்தில் கிடக்கிற பழைய சுமைதாங்கிக் கல்லைக் காட்டி, "சாமி, சீமோன் இங்கதான நிக்கணும்?" என்றார். வயலிலிருந்து வந்த சீரேனே ஊர் சீமோன்மேல் சிலுவையை ஏற்றிய ஐந்தாம் நிலை. நம் பாட்டன்மார் வைக்கோல் கட்டை இறக்கி மூச்சுவிட்ட கல். அதற்குப் பக்கத்தில் எந்தச் சிலையை வைத்து அதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியும்? எருசலேம் மகளிர் அழுத எட்டாம் நிலை, தண்ணீர் எடுக்க இறங்கும் படித்துறையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது நம் பெண்களைக் கேட்டோமா?

நிலத்தை அழகாக்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நவம்பர் 2ஆம் தேதி மாலை நம் கல்லறைத் தோட்டத்தைக் கண்மாய்க் கரைமேல் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மண்மேட்டைச் சீர்செய்து, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். ஆளில்லாத கல்லறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு திரி ஏற்றுகிறார். வரைபடம் போட்டவர் யாருமில்லை. இருட்டியபின் அந்த நிலம் முழுவதும் ஒரே விளக்கு.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதை நேராகப் போக வேண்டுமானால் ஒருவருடைய நிலத்தில் இரண்டு சென்ட் வேண்டும். அவர் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பம் இங்கே இருக்கிறது. தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். நான்கு முறை அவர் வீட்டுக்கு ஆள் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கோயிலுக்குத்தானே கேட்கிறோம் என்று ஒருவர் சொன்னாராம். கடவுளுக்குக் கொடுக்காதவன் விளங்குவானா என்று இன்னொருவர் கேட்டாராம். இன்றைய வாசகத்தில் நோன்பு நாளில் எழுந்து நின்ற அந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பீடத்தின் முன் நின்று சொல்கிறேன்: இனி அந்த நிலத்தைப் பங்கின் பெயரால் யாரும் கேட்கக் கூடாது. எருசலேமில் நம் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் பாதை சந்துக்குச் சந்து வளைந்துதான் போகிறது. நம்முடையதும் வளையட்டும்.

இன்று பேரவையில் வரைபடத்தை நான் மடித்து வைக்கிறேன். சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் எல்லா அன்பியத்தாரும் ஊருணிக்கு வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்களை வண்டியில் கூட்டி வாருங்கள். கொஞ்சம் கயிறும் பதினான்கு முளைக்குச்சியும் போதும். எங்கே எந்த முளை என்பதை நடந்து பார்த்து முடிவு செய்வோம். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுபடி கூடுவோம்.

கூட்டம் முடிந்ததும் இன்றிரவு நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். நிலத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. அந்தத் துண்டு நிலத்தின் மூலையில் ஒரு கேணி இருக்கிறதல்லவா, பாறையைக் குடைந்து அவருடைய அப்பா வெட்டியது என்கிறார்கள். எத்தனை நாள் வெட்டினார், யார் யார் கூட நின்றார்கள், முதல் தண்ணீர் எப்போது கண்டது என்று அவரிடம் கேட்க வேண்டும். இந்தப் பங்குக்கு வந்து மூன்று ஆண்டாகியும் அதை நான் கேட்டதில்லை.

மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம்.